ஆறும் அங்காடியும் பனையும்: உடன்குடி வட்டாரத்தின் ஒரே மரபு

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் பட்டத்துக்கு வந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1270இல், பிரான்சின் தென்மேற்கே தொர்தோஞ் ஆறும் ஈல் ஆறும் கூடும் இடத்தில் லிபூர்ன் என்ற புதிய சந்தை ஊர் எழுந்தது. அந்த நிலம் அப்போது ஆங்கில அரசரின் ஆட்சியில் இருந்தது. அரசப் பிரதிநிதி ரோஜர் டி லெய்பர்ன் அந்த ஊரை அமைத்தார். அவர் பெயரே ஊருக்கும் நிலைத்தது. நேர்த் தெருக்கள், நடுவில் சதுரச் சந்தை, அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரக் கடைகள், ஆற்றில் படகுத்துறை என்பது அதன் அமைப்பு. மேட்டு நிலத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து மது பீப்பாய் பீப்பாயாக இறங்கி வந்து, லிபூர்ன் துறையில் படகேறி, இங்கிலாந்துக்குப் போனது.

அதே ஆண்டுகளில் குலசேகரனின் பாண்டிய நாட்டில், தாமிரபரணியின் கடைமடையில் காயல் துறை உச்சத்தில் இருந்தது. அங்கேயும் ஆறு, சந்தை, துறை மூன்றும் இருந்தன. மேட்டு நிலத்தில் திராட்சைக்குப் பதில் பனை நின்றது; ஆற்றோரத்தில் வெற்றிலைக் கொடி படர்ந்தது. ஐரோப்பாவின் இடைக்காலச் சந்தை ஊர்களைப் பார்க்க இன்று பல நாட்டிலிருந்தும் மக்கள் போகிறார்கள். ஏரல், ஆத்தூர், பழையகாயல், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், உடன்குடி என்று நீளும் நம்முடைய வணிக நிலத்தை ஒரே மரபாக இன்னும் யாரும் பார்க்கவில்லை. தொல்லியலாளருக்குக் கொற்கையும் காயலும், வேளாண் துறைக்கு வெற்றிலை, கைத்தொழில் வாரியத்துக்குக் கருப்பட்டி, பொதுப்பணித் துறைக்கு ஆறு என்று அது பிரிந்து கிடக்கிறது. இந்தப் பிரிவினால் நாம் இழப்பது என்ன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு நகர்த்திய துறைகள்

பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. வெள்ளத்தில் கொண்டுவரும் வண்டலை முகத்துவாரத்தில் இறக்கிக் கடலை ஆண்டாண்டாகத் தள்ளிவைத்தது. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று கடலிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் நடுவே இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் கப்பல்கள் காயலுக்கு வந்தன. காயலும் தூர்ந்தபின் வணிகம் புன்னைக்காயலுக்கும் காயல்பட்டினத்துக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

1292 வாக்கில் மார்க்கோ போலோ காயலைப் பற்றிச் சொன்ன செய்திகள் அந்த ஊரின் நிலையைக் காட்டுகின்றன. ஐந்து சகோதர அரசர்களில் மூத்தவனின் பெருநகரம் அது என்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியத் துறைகள் ஆகியவற்றிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் எல்லாம் இங்கேதான் தொட்டன. அயல்நாட்டு வணிகரை அரசன் நீதியாக நடத்தியதால் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்றும் சொல்கிறார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக் கரைக்கு அனுப்பும் உடன்பாட்டைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்து வைத்திருக்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். பதினைந்தாம் நூற்றாண்டில் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் தொட்ட துறைகளின் வரிசையிலும் காயல் இருக்கிறது.

இந்தக் காயல் எது என்ற கேள்விக்கு மண்ணைத் தோண்டி விடை தேடியவர் இராபர்ட் கால்டுவெல். தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ள இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் அகழ்ந்து, மார்க்கோ போலோ சொன்ன நகரம் பழையகாயலே என்று எழுதினார். சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் பரந்த பரப்பில் சிதறிக் கிடப்பதை அவர் கண்டார். நூறாண்டுக்குப் பின் நொபோரு கராஷிமா தலைமையிலான ஆய்வாளர்கள் அதே பகுதியில் மேற்பரப்பு ஆய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன ஓடுகள் மீண்டும் கிடைத்தன. இன்று பழையகாயலுக்குப் போகிறவர் உப்பளங்களையும் ஆற்றின் கிளைகளையும் சிறிய ஊர் ஒன்றையும் காண்பார். பெருநகரம் ஒன்று இங்கே இருந்தது என்று சொல்லும் ஒரு நல்ல அறிவிப்புப் பலகைகூடப் பயணிக்கு வழிகாட்டுவதில்லை.

துறை மட்டும் தனியாக வாழ்ந்திருக்க முடியாது. குதிரையோடு வந்த கப்பல்காரருக்கும் முத்துக் குளித்தவருக்கும் அரசனின் ஆட்களுக்கும் உணவும் வெற்றிலையும் இனிப்பும் பாயும் பெட்டியும் கயிறும் சுற்றுவட்டாரம்தான் தந்திருக்க வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தின் இரண்டு பெரும் பயிர்கள் இன்றும் அதே மண்ணில் உயிரோடு இருக்கின்றன.

கொடிக்கால் நாடு

காயலைப் பற்றிய தம் பகுதியிலேயே மார்க்கோ போலோ ஒரு பழக்கத்தை வியந்து விவரிக்கிறார். இந்நகரத்தார் எந்நேரமும் ஓர் இலையை வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். செல்வர்கள் அதில் கர்ப்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்கிறார். அவர் பார்த்த இலை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் காயலுக்கு ஆற்றுவழியில் அடுத்தாற்போல் இருக்கும் ஆத்தூர், தமிழ்நாட்டின் பேர்பெற்ற வெற்றிலை ஊர்களில் ஒன்று. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆத்தூரில் இறங்குகிறவர் முதலில் சோமநாதர் கோயிலுக்குப் போகலாம். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. வணிகர் குழுக்களின் நகரசபைகளும் ஊர்ச் சபைகளும் நிலம், நீர், சந்தை, கோயில் நான்கையும் சேர்த்தே ஆண்ட காலத்தின் பதிவுகள் இப்படிப்பட்ட சுவர்களில்தான் உள்ளன. கோயிலிலிருந்து கொடிக்காலுக்கு அதிக தூரமில்லை. அகத்தி மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றின்மேல் கொடியை ஏற்றி, இடையிடையே வாய்க்கால் விட்டு வளர்க்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் காலத்திலும் குளிர்ந்த பச்சை நிழல். இலையைக் காம்போடு கிள்ளி, கவுளியாக அடுக்கி, வாழைச் சருகில் பொதிந்து சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

கொடிக்காலுக்கு நல்ல நீர் நாள்தோறும் வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணையே ஆற்றின் கடைசி அணை. அதைத் தாண்டி ஆற்றில் இறங்கும் நீர் குறைகிற மாதங்களில் கடல்நீர் மேலேறிவிடுகிறது. அதைத் தடுக்க முக்காணி அருகே தடுப்பணை கட்ட வேண்டிவந்தது. வெற்றிலைக்குப் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு, அது குடிக்கும் ஆற்றுக்கு நீர்ப் பாதுகாப்பு கொடுக்காமல் இருந்தால், சான்றிதழ் இருக்கும், கொடி இருக்காது.

இன்னும் சந்தையாக வாழும் ஊர்

ஆற்றை ஒட்டியே மேற்கே போனால் ஏரல். சுற்றியுள்ள ஊர்களுக்குக் கல்யாணச் சீர் பாத்திரமும் துணிமணியும் பலசரக்கும் இங்கிருந்துதான் போகின்றன. ஏரல் கடைத்தெருவில் நடப்பவருக்கு ஓர் ஆற்றங்கரைச் சந்தை ஊர் எப்படி இயங்கும் என்பது புரியும்: தெருக்கள் ஆற்றையும் பாலத்தையும் நோக்கியே திரும்புகின்றன; இருகரை மக்களின் கொடுக்கல் வாங்கலே ஊரின் உயிர்.

இந்த ஊரின் பெரிய திருத்தலம் சேர்மன் அருணாச்சல சுவாமி கோயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரலின் சேர்மனாக இருந்து, 1908இல் இளம் வயதிலேயே மறைந்தவர் அவர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றில் நீராடி அவரை வழிபடக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். ஊராட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவரை அந்தப் பதவிப் பெயராலேயே கடவுளாக வணங்கும் ஊர் இது. தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஒரு வணிக ஊர், நேர்மையான நிர்வாகத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. கடைகள் மூழ்கின, பாலம் துண்டிக்கப்பட்டது, வியாபாரிகளின் சரக்கு சேற்றோடு போனது. மறுபடி கடையைக் கழுவித் திறந்தவர்கள் அதே வியாபாரிகள்தான். கொற்கையையும் காயலையும் நகர்த்திய ஆறு இன்னும் ஓயவில்லை என்பதை அந்த இரண்டு நாள்கள் சொல்லின. ஆற்றங்கரைச் சந்தையின் மரபைக் காப்பது என்றால் வெள்ளத்துக்கு இடம் விடுவதும் கரையை ஆக்கிரமிக்காமல் இருப்பதும் அதில் அடங்கும்.

தேரியும் விளையும்

ஆற்றை விட்டுத் தெற்கே திரும்பினால் மண்ணின் நிறம் மாறுகிறது. இரும்புச் சத்தால் சிவந்த மணல், காற்றடித்துக் குவிந்த மேடுகளாக நிற்கிறது. இதுவே தேரி. குதிரைமொழித் தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் வறண்ட மணல் இருக்க, அங்கே சுனை ஊறுகிறது. மழைநீரைத் தேரி உறிஞ்சித் தன் அடியில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு அந்தச் சுனையே சாட்சி. நெல் விளையாத இந்த மண்ணில் வேரை ஆழத்துக்கு விட்டு நிற்பது பனை. பனைகள் நிற்கும் தோட்டத்தை இங்கே விளை என்கிறார்கள். உடன்குடி இந்த விளைகளின் சந்தை ஊர்.

பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். பனையேறி விடியுமுன் புறப்படுகிறார். முருக்குத்தடியும் அரிவாள் பெட்டியும் கலயங்களுமாக மரத்துக்கு மரம் ஏறி, பாளையை மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். மாலையில் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். ஒருநாள் தவறினால் பாளை காய்ந்துவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏறுமுன் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். லிபூர்ன் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டக்காரர் தம் சாறு புளிக்கக் காத்திருக்கிறார். உடன்குடியின் பனையேறி தம் சாறு புளிக்காமல் காக்கிறார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் பதநீரும் கருப்பட்டியுமே அவருக்குப் பிழைப்பு.

இறக்கிய பதநீர் விடிலிக்கு வருகிறது. பனையோலை வேய்ந்த அந்தக் குடிசையில் பெரும்பாலும் பெண்களே காய்ச்சுகிறார்கள். பனை மட்டையும் காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் விறகு. பொங்கி வழியும்போது ஆமணக்கு விதையை நுணுக்கிச் சிறிதளவு போட்டால் நுரை அடங்கும். பாகு இறுகி வரும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பதம் பார்க்கிறார்கள். பதம் தப்பினால் ஒரு காலை முழுக்க ஏறிய உழைப்பு வீண். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டியிருக்கிறது. சுக்கும் ஏலமும் சேர்த்துச் செய்யும் சில்லுக்கருப்பட்டி தனி ருசி. உலர்ந்த காற்றும் தேரி மண்ணும் பழகிய கையும் சேர்ந்து, ஈரம் குறைந்து நெடுநாள் கெடாமல் நிற்கும் கருப்பட்டியைத் தருகின்றன. உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கலயத்தில் பூசும் சுண்ணாம்பும் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தவை. கடல் தந்த சிப்பி தேரியில் பதநீரைக் காத்தது. ஆற்றங்கரையில் வெற்றிலைக்குத் துணையானது. கடலும் தேரியும் ஆறும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கிய ஒரே பொருளாதாரம் இது. மூன்றையும் மூன்று துறைகளின் கோப்புகளில் பிரித்து வைத்தது பின்னால் வந்த நிர்வாகம்.

சரக்கோடு போன மகமை

இடைக்கால வணிகக் குழுக்கள் தங்கள் சரக்கின்மீது தாங்களே ஒரு பங்கு விதித்து அறத்துக்குக் கொடுத்தன. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள கல்வெட்டு, ஐந்நூற்றுவர் உள்ளிட்ட வணிகர்கள் மிளகு, பாக்கு, உப்பு, பருத்தி, சந்தனம் போன்றவற்றின்மீது கோயிலுக்காக விதித்துக்கொண்ட பங்கைப் பட்டியலிடுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகளில் வடக்கே போன நாடார் வணிகர்களிடம் இதே ஏற்பாடு மகமை என்ற பெயரில் வாழ்ந்தது. வண்டியும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தார்கள். விற்ற சரக்குக்கு மகமை எடுத்து அவற்றைப் பராமரித்தார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற வணிக ஊர்களின் உறவின்முறைகளும் பள்ளிக்கூடங்களும் இந்த மகமையில் வளர்ந்தவை. இந்த வரலாற்றை 1969இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் ஹார்ட்கிரேவ் விரிவாக எழுதியிருக்கிறார். தென் தமிழகத்தின் கல்விக்கும் வணிகத்துக்கும் முதல் மூலதனத்தில் ஒரு பங்கு பனை ஏறியவர்களின் உழைப்பிலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பாரி நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை நடத்தியது. அந்த ஆலைக்காகத் திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஒரு குறுகிய ரயில்பாதை ஓடியது. கரும்புச் சீனி மலிந்தபின் பனைச் சர்க்கரைக்கு மதிப்பு குறைந்தது, ரயிலும் நின்றது. இன்று அதே கடற்கரையில் தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுடன் உடன்குடி அனல்மின் திட்டம் எழுகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நிலத்தின் முகம் இந்தத் தலைமுறையிலேயே மாறப்போகிறது. ஆவணப்படுத்த வேண்டியதை இப்போதே ஆவணப்படுத்த வேண்டும்.

பெயரை மட்டும் காத்தால் போதுமா

லிபூர்னுக்கு அருகில் உள்ள செயின்ட் எமிலியோன் ஊருக்கு 1199இல் ஆங்கில அரசர் ஜான் ஓர் உரிமைச் சாசனம் கொடுத்தார். அதன்படி ஊர்ப் பெரியவர்களின் மன்றம் ஒன்று அறுவடை தொடங்கும் நாளை அறிவித்தது. மதுவின் தரத்தைச் சோதித்தது. தேறிய பீப்பாய்க்கு ஊரின் முத்திரையைச் சுட்டுப் பதித்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கலைந்த மன்றம் 1948இல் மறுபடி உருவானது. இடையில் 1935இல் விளைநிலப் பெயர்களைக் காக்கும் சட்ட அமைப்பு பிரான்சில் வந்தது. எந்த எல்லைக்குள், எந்த முறையில், எவ்வளவு விளைவிக்கலாம் என்பதையும் அது வரையறுத்தது. 1999இல் யுனெஸ்கோ செயின்ட் எமிலியோனையும் சுற்றியுள்ள ஊர்களையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தோட்டம், ஊர், கோயில்கள், உழைப்பு முறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பண்பாட்டு நிலமாகவே ஏற்றது.

அதே 1999இல்தான் இந்தியா புவிசார் குறியீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் சட்டம் பெயரைக் காக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நிலத்தையும் மனிதரையும் காக்கும் ஏற்பாடு அதோடு சேர்ந்து வளரவில்லை. சீனி கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது, எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சியவர் தம் விலையைக் கேட்க முடியாமல் நிற்கிறார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் ஏறுவதற்கு ஆளில்லாத பனை கருப்பட்டி தராது. மரத்திலிருந்து விழுந்தால் குடும்பமே சாயும் தொழிலுக்குத் தம் பிள்ளையை அனுப்ப எந்தப் பெற்றோர் மனம் ஒப்பும்?

செயின்ட் எமிலியோனை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. அங்கே பயணிகள் பெருகப் பெருக, மதிலுக்குள் நிலையாக வாழும் குடும்பங்கள் குறைந்தன. ஏரலும் உடன்குடியும் இன்னும் தங்கள் மக்களுக்கான சந்தைகளாகவே இருக்கின்றன. அந்த இயல்பே அவற்றின் பெருமை. வருகிறவர்களுக்காக ஊரை மாற்றாமல், ஊர் ஏற்கெனவே செய்வதை மதித்துப் பார்க்க வருகிறவர்களை அழைத்தால் போதும்.

அதற்கு வேண்டியவை எட்டாதவையும் அல்ல. கருப்பட்டிப் பொதியில் விளை எந்த ஊர், எந்த மாதம் காய்ச்சியது என்பது அச்சிடப்பட வேண்டும். அந்த முத்திரையைத் தரும் பொறுப்பை ஏறுகிறவர்களும் காய்ச்சுகிறவர்களும் அமர்ந்த மன்றம் ஏற்க வேண்டும். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தின் விபத்து உதவி ஒவ்வொரு பனையேறிக்கும் தாமதமின்றிச் சேர வேண்டும். விடிலியில் வேகும் பெண்களும் தொழிலாளராகப் பதிவு பெற வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஆண்டு முழுவதும் குறைந்த அளவு நீராவது ஓட வேண்டும். ஏரலில் தொடங்கி ஆத்தூர்க் கொடிக்கால், பழையகாயல், காயல்பட்டினம், குதிரைமொழித் தேரி வழியாக உடன்குடிக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் செல்லும் வழித்தடம் ஒன்றைப் பதநீர்க் காலத்தில் பள்ளி மாணவர்களுக்கு முதலில் திறக்கலாம். வரலாற்றுப் பாடத்தில் மார்க்கோ போலோவைப் படிக்கும் தூத்துக்குடி மாவட்டப் பிள்ளைக்கு, அவர் எழுதியது தன் ஊரைப் பற்றி என்பது தெரிய வேண்டும்.

இவற்றில் முதலில் எதைச் செய்வது என்று என்னைக் கேட்டால், பனையேறியின் உயிருக்கும் கூலிக்கும் உறுதி தருவதைத்தான் சொல்வேன். ஆறு துறையை நகர்த்தியபோதெல்லாம் இந்த நிலத்தின் மக்கள் சந்தையைத் தங்களோடு எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்தார்கள். அது முடிந்தது, விளைவிக்கத் தெரிந்த கைகள் அவர்களிடம் இருந்ததால். அந்தக் கைகள் ஒரு தலைமுறையில் விட்டுப்போனால், எந்தச் சான்றிதழும் உடன்குடிக் கருப்பட்டியை மறுபடி காய்ச்சித் தராது.